பிகோஸ் மிஸ்

மிஸ் ஒரு சனிக்கிழமை வேறு யாருடையதோ ஸ்கூட்டியில் வகுப்புக்கு வந்து, கண்டெடுத்த பொருள் யாருடையதாக இருக்கும் என்று ஊகித்துச் சொல்வது எப்படி என்பதை எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் இங்கிலீஷில் படிப்பித்தார். பாடம் முடிந்து வெளியே வந்தால், சனசமூக நிலைய வேலியோரத்தில் ஒரு மனிதர் வியர்த்து வழிய நிற்கிறார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை செய்பவர்.

"தங்கச்சி, இது என்ட வாகனம்" என்றார்.

"இருக்கேலாதே. திறப்பப் போட்டன், ஸ்டார்ட் ஆகிச்சுதே."

அவர் இருக்கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு மழைக்கோட்டும் ஒரு கிலோ வெங்காயமும் இருந்தன. மிஸ் குனிந்து வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெங்காயம் நான் வாங்கல்ல" என்றார். பிறகு நிமிர்ந்து, "இட் மஸ்ட் பி யுவர்ஸ்" என்று அவரிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா, ஆதாரம் வந்தா உடன மனச மாத்த வேணும். அதில வெக்கப்பட ஒண்டுமில்ல." அப்புறம் அந்த மனிதரிடமே தன்னை வளாகத்தில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். அவரும் கோபப்படத் தோன்றாமல் ஏற்றிக்கொண்டு போனார். மிஸ்ஸின் ஸ்கூட்டி, அதே நிறம், அதே சாதி, அங்கே மரத்தடியில் நின்றிருக்கிறது.

மிஸ்ஸை நினைத்தால் எனக்கு முதலில் அந்த வெங்காயம்தான் ஞாபகம் வரும்.

அப்போது அவருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். மட்டக்களப்பு டவுனில் மெதடிஸ்த குடும்பம். வளாகத்தில் தற்காலிகமாக இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் செங்கலடிக்கு வந்து எங்களைப் போல வயது போனவர்களுக்கு இலவசமாக வகுப்பு நடத்தினார். ஆள் குள்ளம். தலைக்கவசம் பெரிது. அதைக் கழற்றாமல் நடந்து வந்தால் தூரத்தில் ஒரு பானை தானாக நடந்து வருவதுபோல இருக்கும். குரல் மட்டும் வாவிக்கு அந்தக் கரையில் நிற்பவனுக்கும் கேட்கும்.

நான் செங்கலடிச் சந்தியில் பஸ்களுக்கு நேரம் பார்க்கும் உத்தியோகம். பாசிக்குடாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் வந்து எதையாவது கேட்டால் நான் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று சொல்லிவந்தேன். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைசி பஸ் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறாள். நான் யெஸ் சொன்னேன். அவள் ஓட்டோ பிடித்துப் போன பின்னாலேயே பஸ் வந்தது. அந்த வெட்கத்தில்தான் வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானாவும், குடும்பநல மருத்துவமாதுவான புஷ்பா அக்காவும், இன்னும் சிலரும் இருந்தார்கள். எல்லோரும் மிஸ்ஸை விட மூத்தவர்கள். மிஸ் எங்களை அண்ணன், நானா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டுவார்.

பஸ்ஸில் விட்டுப்போன சாமான்களை நடத்துநர்கள் என்னிடம்தான் தருவார்கள். என் அறையில் ஒரு இரும்பு அலுமாரி நிறையக் குடைகள், சாப்பாட்டுப் பெட்டிகள், ஒற்றைச் செருப்புகள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய மிஸ் அலுமாரி திறந்திருப்பதைக் கண்டார். நகைக்கடையைக் கண்ட மணப்பெண் முகம் எப்படியோ அப்படி ஆகிவிட்டது அவர் முகம்.

"அண்ணன், இதெல்லாம் ஆர்ட?"

"தெரியாது மிஸ்."

"தெரியாது. அதுதான் அண்ணன் எனக்கு வேணும்."

அந்தக் கிழமையிலிருந்து என் அலுமாரி எங்கள் பாடப்புத்தகமாகியது. மேசையில் ஒரு குடையை வைப்பார். யாருடையது என்று நாங்கள் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றால் மஸ்ட் பி. இருக்கலாம் என்றால் மைட் பி. இருக்கவே முடியாது என்றால் கான்ட் பி. சொல்லி வாயை மூட முதல் மிஸ் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "பிகோஸ்?" என்பார். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டும். "பிகோஸ் இல்லாம சொன்னா அது இங்கிலிஷ் இல்ல, கோள்" என்பது அவருடைய வாய்ப்பாடு. இதனால் ஊரில் அவருக்குப் பிகோஸ் மிஸ் என்று பெயர் விழுந்தது.

ஹனீபா நானாவுக்கு இந்த ஏற்பாடு வீண் செலவாகப் பட்டது.

"எங்கட ஊரில இதுக்கு ஒரு சொல்லுப் போதும் மிஸ். 'காசிம்ட குடையாக்கும்' எண்டு இழுத்துச் சொன்னா மைட் பி. வெட்டிச் சொன்னா மஸ்ட் பி. மூஞ்சச் சுழிச்சுச் சொன்னா கான்ட் பி."

மூன்று மாதிரியும் சொல்லிக் காட்டினார். மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இங்கிலிஷ்காரனுக்கு உங்கட மூஞ்சி இல்லத்தானே நானா. பாவம், அவன் மூண்டு சொல்லு வெச்சிரிக்கான்."

இதில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மிஸ்ஸின் இலக்கணம் ஒருநாளும் பிழைத்ததில்லை. ஆனால் அவர் ஊகித்த ஆள் அநேகமாகப் பிழையாகத்தான் இருப்பார். அது அவரைக் கொஞ்சமும் தளர்த்தியதில்லை. ஊகித்தால் நேரே போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. வகுப்பு முடிய நாங்கள் சாமானையும் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஊர்வலம் போவோம்.

பற்செட்டுக் கதை அப்படித்தான். கல்முனைப் பஸ் ஒன்றில் யாரோ மேல்வரிசைப் பற்களை விட்டுப் போயிருந்தார்கள். மேசையில் வைத்தபோது புஷ்பா அக்கா, "இட் கான்ட் பி எ யங் மேன்ஸ், பிகோஸ் யங் மேன் ஹேஸ் டீத்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். மிஸ்ஸோ அதற்கு மேலே போனார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் சில நாட்களாக யாரோடும் பேசுவதில்லை, கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார் என்று அவர் காதில் விழுந்திருந்தது. "பிகோஸ்" என்று தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லி, பற்களை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்.

அதிபர் படலைக்கு வந்தார். மிஸ் துணியை விரித்துக் காட்டி, பக்குவமாக விஷயத்தைச் சொன்னார். அதிபர் வாயைத் திறந்தார். முப்பத்திரண்டும் சொந்தப் பல்.

அவர் பேசாமல் இருந்தது மனைவியோடு கோபத்தில். அன்றைக்கு அவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எங்கள்மேல் கொட்டினார். மிஸ் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டு, "சொறி சேர், கிராமர் சரி, ஆள் பிழைச்சுப்போச்சு" என்றார். அடுத்த கிழமை அதிபரின் மனைவி சந்திக்கு வந்து என்னிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார். "மிஸ்ஸிட்டக் குடுங்க தம்பி. அவ வந்துபோன நாளிலிருந்துதான் இந்த மனிசன் வாய் திறந்தது." பற்கள் அந்தப் பஸ்ஸின் சாரதியுடையவை. தும்மியபோது விழுந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர், பாண் கடிக்க முடியாத கட்டம் வந்ததும் தானாகவே வந்து வாங்கிக்கொண்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போன வகுப்பில்தான் அந்தக் கால் வந்து சேர்ந்தது.

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போகும் பஸ்ஸின் நடத்துநர் ஒரு யூரியாப் பையை என் மேசையில் வைத்தார். "அண்ணே, சீட்டில கிடந்தது. வழி நெடுக ஒருத்தரும் அந்த சீட்டில இருக்கல்ல. நானும் கிட்டப் போகல்ல" என்று சொல்லிவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். பையின் வாயால் ஒரு கறுப்புச் சப்பாத்து எட்டிப் பார்த்தது. இழுத்தேன். சப்பாத்தோடு சேர்ந்து ஒரு முழங்கால் வரைக்கும் வந்தது. செயற்கைக் கால்.

அலுமாரிக்குள் வைத்தால் கதவு சாத்த முடியவில்லை. பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நேரம் கேட்க வந்தவர்கள் நேரம் கேளாமலே திரும்பிப் போனார்கள். தேடி ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை நான் அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன்.

மிஸ் வழக்கம்போல மேசையில் வைத்தார். வழக்கம்போலவே உற்சாகமாக, "ஹூஸ் லெக் இஸ் திஸ்?" என்று கேட்டார்.

ஹனீபா நானா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவருடைய கால் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் கால் போவதற்குக் காரணங்கள் பல. அதில் சிலவற்றைப் பற்றி நாங்கள் தமிழிலேயே பேசிக்கொள்வதில்லை. புஷ்பா அக்கா எழுந்து வெளியே போய் முகம் கழுவினார். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"மிஸ், இது வேணாம்" என்றார் நானா மெதுவாக.

மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. காலைத் தூக்கிப் பைக்குள் வைக்கப் போனவர் நிறுத்தி, அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து படிப்பித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எப்பிடிப் போன காலெண்டு ஒருத்தரும் சொல்ல வேணாம்" என்றார். "ஆனா ஆரோ ஒருத்தர் இப்ப வீட்ட விட்டு வெளிய போகேலாம இரிக்கார். அத மட்டும் பார்ப்பம். கான்ட் பி மட்டும் சொல்லுங்க."

முதலில் நான் சொன்னேன். விட்டுப்போனவர் இதன் சொந்தக்காரராக இருக்க முடியாது. தன் காலை மறந்து ஒருவரும் பஸ்ஸால் இறங்கிப் போவதில்லை. வேறு யாரோ திருத்த எடுத்துப் போயிருக்கிறார். நானா சொன்னார், பணக்காரருடையதாக இருக்க முடியாது. வார் அறுந்த இடத்தில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறது. புஷ்பா அக்கா ஈர முகத்தோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "இது ஆம்பிளட இல்ல மிஸ்" என்றார். சப்பாத்து பள்ளிக்கூடப் பெடியன்கள் போடுவது, சிறிய அளவு. உள்ளே காலுக்குப் போடும் உறை பூப்போட்ட கவுண் துணியில் கையால் தைத்தது. வேலைக்கு நிற்கிற ஒரு பெண், செருப்பு நிற்காதபடியால் பெடியனின் சப்பாத்தை வாங்கி மாட்டியிருக்கிறாள்.

மிஸ் சப்பாத்தைத் தலைகீழாகப் பிடித்தார். கொஞ்சம் மணல் கொட்டியது. அவ்வளவுதான், பழைய மிஸ் திரும்பி வந்துவிட்டார்.

"கடல் மண். வாழைச்சேனைப் பஸ். ஷி மஸ்ட் பி ஃப்ரம் கல்குடா."

வாழைச்சேனைக்கு அப்பால் கடற்கரையில் இருக்கும் கல்குடாவில் ஒரு கால் இல்லாத பெண் ஒருவரைப் புஷ்பா அக்காவுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே மிஸ்ஸும் நானும் புறப்பட்டோம். ஒரு குமர்ப்பிள்ளையின் பின்னால் நான் உட்கார்ந்து போனால் ஊர் என்ன சொல்லும் என்று ஸ்கூட்டியை நான் ஓட்டினேன். மிஸ் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, காலை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். காற்றுக்குப் பை விலகிவிட்டது. வழி நெடுகச் சனங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோதுதான் எனக்கு விளங்கியது: பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்று பாதம் தொங்கியது.

கல்குடாப் பெண் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். இரண்டு காலிலும் திடமாகத்தான் நின்றார். மிஸ் விஷயத்தைச் சொல்ல, அவர் முகம் கடுத்தது.

"ஏன் மகள், ஒரு கால் இல்லாட்டி ஊரில கிடக்கிற காலெல்லாம் என்டதா?"

பற்செட்டு விஷயத்தில் வந்த வசவையெல்லாம் சிரித்தபடி வாங்கிய மிஸ், இந்த ஒரு கேள்விக்குத் தலை குனிந்து நின்றார். "இல்ல அக்கா. நான் அப்பிடி நினைச்சது பிழை" என்றார். "மன்னிச்சுக்கங்க." கிராமர் சரி என்று சொல்லவில்லை.

அந்தப் பெண் கொஞ்சம் இறங்கி வந்தார். "இஞ்ச கொண்டாங்க பார்ப்பம்." காலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது மட்டமான வேலை, தன்னுடையது இதைவிடத் திறம் என்றார். உறையை வெளியே இழுத்தவர் நிறுத்தினார்.

"இந்தக் கவுண் துணிய எனக்குத் தெரியும். கால் திருத்துற இடத்தில என்னோட ஒரே வாங்கில பக்கத்தில இருந்த மனிசி இதே துணியில கவுண் போட்டிருந்தா. படுவான்கரை ஆள், குருமண்வெளியால வந்து போறவ. பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குச் சமைக்கிறா. வாயெண்டா வாய், மூண்டு மணித்தியாலம் மூடல்ல. சீனி வருத்தத்தில கால எடுத்ததாம் எண்டு சொன்னா."

"அப்ப இந்தக் கடல் மண்?" என்று மிஸ் கேட்டார்.

"பிள்ள, வாவிக்கரையிலயும் மண்தான் இரிக்கு."

படுவான்கரை என்றால் வாவிக்கு மேற்குக் கரை. வாழைச்சேனைப் பக்கத்துக்கு நேர் எதிர்த் திசை. வாழைச்சேனைப் பஸ்ஸில் அந்தக் கால் எப்படி வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டு மிஸ்ஸும் நானும் தெற்கே போனோம்.

களுதாவளையில் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. மிஸ் வேறு சமயம் என்பதால் வாசலிலேயே நின்றார், காலை நெஞ்சோடு அணைத்தபடி. நான் திரும்பி வந்தபோது அவரைச் சுற்றி நாலைந்து பேர். ஒரு பெரியவர் மிகுந்த மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார். "நேர்த்திக்கடனெண்டா வெளிய நிக்கப்படாது மகள். உள்ளுக்குக் கொண்டுபோய் ஐயரிட்டக் குடுங்க. எல்லாரும் வெள்ளியில சின்னனாத்தான் செஞ்சு குடுக்கிற. நீங்க முழுசாக் கொண்டுவந்திரிக்கீங்க. பெரிய மனசு."

மிஸ் என்னைக் கண்டதும் ஸ்கூட்டிக்கு ஓடினார்.

குருமண்வெளியில் பாதை ஏறினோம். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கும் தட்டையான பெரிய படகு. மோட்டார்ச் சைக்கிள், மாட்டுக்காரர், மீன் பெட்டி எல்லாம் ஒன்றாக ஏறும். அக்கரையில் இறங்கி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு இன்னும் மேட்டில் ஏறக்கூட இல்லை, தேத்தண்ணிக் கடையிலிருந்து சாரம் கட்டிய ஒரு மனிதர் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மிஸ்ஸின் கையிலிருந்த பையை இழுத்து நெஞ்சோடு அணைத்தார்.

"என்ட கால்" என்று அழுதார். "என்ட கால், என்ட கால்."

மிஸ் குனிந்து அவருடைய பாதங்கள் இரண்டையும் பார்த்தார்.

"உங்கடயா ஐயா?"

"இல்ல, மனிசிட."

"பிகோஸ்?" என்று மிஸ் வாய் தவறிக் கேட்டுவிட்டார். மனிதருக்கு அந்தச் சொல் விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கிற்று. காலைத் திருத்தி எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு வந்தவர், சனம் நெருக்கியதால், சீட் பிடிக்க வேண்டுமென்று ஒரு பஸ்ஸுக்குள் எட்டி ஜன்னலோர இருக்கையில் காலைக் கிடத்தியிருக்கிறார். கைக்குட்டையை வைத்தால் எடுத்துவிடுவார்கள், காலை ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்று யோசித்தாராம். அந்த யோசனை சரிதான். பஸ்தான் பிழை. பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பஸ்ஸைக் காணவில்லை. களுவாஞ்சிக்குடிப் பஸ் என்று நினைத்துக்கொண்டு தெற்கே உள்ள எல்லா பஸ் நிலையத்திலும் விசாரித்திருக்கிறார். வீட்டில், திருத்துகிற இடத்தில் இன்னும் வேலை முடியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"திங்கக்கிழமைக்குள்ள வராட்டி சமையலுக்கு வேற ஆள எடுக்கப் போறாங்களாம்" என்றார். "நான் சொன்ன பொய்யால அவட வேல போகப்போகுது எண்டு எனக்குச் சோறு இறங்கல்ல. மகள், நீங்க அந்தக் கால் செய்யிற இடத்தில இருந்து வந்ததா ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"அது ஏலாது ஐயா. நான் ஒண்டும் சொல்லாம நிக்கிறன். அதுதான் என்னால ஏலும்" என்றார் மிஸ்.

மிஸ் ஒன்றும் சொல்லாமல் நிற்பதா என்று நான் சந்தேகப்பட்டேன். அதற்குத் தேவையே வரவில்லை. வீட்டு வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண், நாங்கள் படலை திறக்கும்போதே தலை நிமிராமல் சொன்னார்.

"பஸ்ஸில விட்ட கால் கிடைச்சிட்டாக்கும்."

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். "உனக்கு ஆர் சொன்ன?"

"ஆரும் சொல்லணுமா? திருத்தக் குடுத்தா ரசீதெண்டு ஒரு துண்டு தருவாங்க. உங்கட கையில துண்டு இல்ல. கொண்டுபோன பையும் இல்ல. அண்டைக்கு வந்து சாமியறையப் பார்த்துக் கும்பிட்டீங்க. கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்தில நான் சொல்லாம நீங்க கும்பிட்டத நான் காணல்ல. மறுகா, ஒவ்வொரு நாளும் விடிய வெளிக்கிட்டு பஸ்ஸேறிப் போறீங்க. பஸ்ஸில போட்டதத்தானே பஸ்ஸில தேடுவாங்க."

மிஸ்ஸின் வாய் திறந்தபடி இருந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம், ஒன்றிலும் பிழையில்லை. மிஸ் அந்தப் பெண்ணைப் பார்த்த பார்வை, பெரிய கோயிலைக் கண்ட பார்வை.

"அப்ப ஏன் அக்கா கேக்கல்ல?"

"கேட்டா என்ன செய்வார்? அழுவார். தேடிக்கொண்டு திரியட்டும் எண்டு விட்டன்."

கணவர் காலைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார். அவரே குந்தியிருந்து உறையை மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார். அந்த வேலைக்குப் பழகிய கை. பெண் அவருடைய தோளில் கையூன்றி எழும்பினார். இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் எங்களுக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்கு நடந்து போனார். மனிதர் சாரத்துத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த நடையையே பார்த்திருந்தார்.

அந்தப் பெண் தேத்தண்ணி தரும்போது, நாங்கள் கேளாமலே, "கால முதலை இழுத்தது தங்கச்சி. ஆத்தில குளிக்கக்குள்ள" என்று மிஸ்ஸிடம் சொன்னார். மிஸ் "ஓம் அக்கா" என்றார். புறப்படும்போது ஒரு மண்முட்டி எருமைத் தயிரை என் கையில் தந்து, "அந்தப் பாம்பு மட்டும் கடிக்காட்டி நான் இப்ப உங்களுக்கு முன்னால பாதையடிக்கு ஓடிப்போயிருவன் தம்பி" என்று சிரித்தார். மிஸ் பக்கத்தில்தான் நின்றார். அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது. "திங்கக்கிழம என்ன அக்கா சமைப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். பருப்பும் கீரையும் என்று பதில் வந்தது.

திரும்பும்போது பாதையில் எங்களுக்குள் ஒரு சிறு தகராறு. தயிர் யாருக்கு என்று அந்தப் பெண் சொல்லவில்லை. என் கையில் தந்ததால் என்னுடையது என்றேன் நான். கால் என் மடியில் வந்தது, ஆகையால் தயிர் என்னுடையது என்றார் மிஸ். இங்கிலீஷில் வாதாடி நான் தோற்றேன். முட்டியை மடியில் வைத்து, வாழையிலை மூடியைக் கொஞ்சம் விலக்கி, விரலால் தொட்டு நக்கிவிட்டு எனக்கும் நீட்டினார்.

நடு வாவிக்கு வந்திருந்தோம். காற்று இல்லை. எனக்கு மனம் அடங்கவில்லை. கல்குடாவில் சீனி வருத்தம் என்றார்கள், இங்கே முதலை, போகும்போது பாம்பு. மூன்றும் உண்மையாக இருக்க முடியாது. இவ்வளவு பழக்கிவிட்ட மிஸ்ஸுக்கு என் கெட்டித்தனத்தைக் காட்டலாம் என்று நினைத்து, இங்கிலீஷிலேயே தொடங்கினேன்.

"மிஸ், ஹர் லெக். இட் மஸ்ட் பி..."

மிஸ் தயிர் பட்ட விரலைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"அந்தப் பிகோஸ் அவட, அண்ணன்" என்றார்.

பிறகு முட்டியை மறுபடி என் பக்கம் நீட்டினார். நானும் விரலால் தொட்டேன்.